மூன்று பலகைக்கு ஓர் அறை

"மூணே மூணு பலகைக்கா?" என்று கேட்டார் டெல்பெர்ட்.

துல்சா நகரின் கிழக்கு ஓரத்தில் தகரக் கதவுகள் வரிசை கட்டி நிற்கும் வாடகைக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. வெளியே நின்ற ரோண்டாவின் பிக்கப் வண்டியை ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்தார். பழைய போர்வையில் சுற்றிய மூன்று ஓக் பலகைகள், அவற்றோடு ஒரு மடக்கு மேசை. வேறு ஒன்றுமில்லை.

"என் பிழைப்பே வாடகைக்கு விடுறதுதான். இருந்தாலும் சொல்றேம்மா, மாசம் எழுபது டாலர் உங்களுக்கு வீண். வருஷம் திரும்பறதுக்குள்ள புது மேசையே வாங்கிடலாம். இதை எப்ப எடுத்துப் புழங்கப் போறீங்க?"

"புழங்கவே மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு?"

"இன்னொருத்தி புழங்கக் கூடாது. அதுக்குத்தான்."

டெல்பெர்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கு அவருக்குப் புதிதில்லை. செத்துப்போன நாயின் மெத்தைக்கு வாடகை கட்டுகிறவர்களை எல்லாம் பார்த்தவர். ஆனால் இப்படி முகத்துக்கு நேரே சொன்னவள் இவள்தான்.

அந்த இன்னொருத்தி, ரோண்டாவின் நாத்தனார் நேடீன். பேச்சுக்குப் பேச்சு 'கண்ணு, கண்ணு' என்பாள். அந்தத் தேனில் எத்தனை தேள் என்பது ரோண்டாவுக்குத்தான் தெரியும்.

மாமியார் ஓப்பலின் வீட்டில் ஒரு சாப்பாட்டு மேசை இருந்தது. மூடியிருந்தால் ஆறு பேர் உட்காரலாம். நடுவில் பிரித்து இழுத்து இந்த மூன்று பலகைகளைப் பொருத்தினால் பதினாலு பேர். ஒவ்வொரு நவம்பரிலும் நன்றித் திருநாள் விருந்துக்கு அந்தப் பலகைகளைக் கோட்டு அலமாரியின் பின்னாலிருந்து இழுத்து வந்து, துடைத்து, பொருத்தியவள் ரோண்டா. பொருத்தி முடித்ததும் அவளுக்குக் கிடைத்த இடம்? சமையலறை வாசலில் விரித்த மடக்கு மேசை. பிள்ளைகள் மேசை!

கல்யாணமான முதல் வருஷம் நேடீன் அவள் தோளைத் தொட்டுச் சொன்னாள். "இடம் பத்தல கண்ணு. இந்த வருஷம் மட்டும்." மறு வருஷம் பாதிரியார் வந்தார். அதற்கடுத்த வருஷம் யாரோ காப்பீட்டு முகவர். நாலாம் வருஷம் சாக்குக்குக் கூட ஆள் கிடைக்கவில்லை. பெரிய மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "உனக்குத்தான் பிள்ளை இல்லையே. பிள்ளைங்களோட உக்காந்தா ஆசையாத்தானே இருக்கும்?"

அன்று ரோண்டாவின் கணவன் டுவேன் தட்டைப் பார்த்துக்கொண்டு வான்கோழியை மென்றான். அவனும் செத்துப்போய் நாலு வருஷமாகிவிட்டது. அவனை அவள் மன்னித்துவிட்டாள். நேடீனை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

பத்தொன்பது வருஷம்! மடக்கு மேசையின் ஒரு கால் சரியாக வலது முழங்காலில் இடிக்கும். வான்கோழிக்கு ஊற்றும் கிரேவிக் குவளை பெரிய மேசையை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் அங்கே வரும். அடியில் ஒட்டிக்கிடக்கும் ஏட்டை அவளும் பிள்ளைகளும் ரொட்டியால் வழித்துத் தின்பார்கள்.

இந்த மார்ச்சில் ஓப்பல் போய்ச் சேர்ந்தாள். வீட்டுச் சாமான் மகளுக்குப் பாதி, மகன் வகைக்குப் பாதி என்று உயில். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே நேடீன் ஆள் வைத்து மேசையைத் தூக்கிப்போனாள். யாரையும் கேட்கவில்லை. மூடிய மேசையை அப்படியே தூக்கிப்போனாள். பலகை என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவில்லை. தூக்கியவளுக்கல்லவா பாரம் தெரியும்? மிச்சத்தை ஒழித்துக்கட்டும் வேலை, "நீ சும்மாதானே இருக்க கண்ணு" என்று ரோண்டா தலையில் விழுந்தது. அவள் நேராகக் கோட்டு அலமாரிக்குப் போனாள். பலகைகளோடு அந்த மடக்கு மேசையையும் வண்டியில் ஏற்றினாள்.

"உங்க வீட்டுலயே கட்டிலுக்கு அடியில போடலாமே?" என்றார் டெல்பெர்ட்.

"அவ வந்து தேடுவா. எனக்குப் பொய் சொல்ல வராது. வீட்டுல இல்லைன்னு சொன்னா, நிஜமாவே இருக்கக் கூடாது."

"இது, தன் மூக்கை அறுத்துக்கிட்டு எதிரிக்குச் சகுனத்தடை பண்ற கதைம்மா."

"மூக்கு எப்பவோ அறுந்துபோச்சு. வெயில் படாத வரிசையில குடுங்க, மரம் வளையக் கூடாது."

கையெழுத்துப் போட்டாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

அக்டோபரில், விருந்து நெருங்கியதும் பலகை நினைவுக்கு வந்து, நேடீன் வந்தாள். ரோண்டாவின் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள், குளியல் திரையைக்கூட விலக்கிப் பார்த்தாள்.

"பலகை உன்கிட்ட இல்லையா கண்ணு?"

"வீட்டுல இல்லை. நல்லாப் பாத்துக்கோ."

நேடீனுக்குச் சந்தேகம் போகவில்லை. விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் போன் வந்தது. "மேசையில ஆறு பேருக்குத்தான் இடம். நானும் எங்க வீட்டுக்காரர் ராய்ஸும், பாதிரியார் குடும்பம் நாலு பேரும். பிள்ளைங்க கார் ஷெட்ல தட்டை மடியில வெச்சுச் சாப்பிடட்டும். உனக்கு எங்கேயும் இடமில்ல கண்ணு. இந்த வருஷம் மட்டும்."

ரோண்டா போனை வைத்தாள். நேடீனை வெட்டவேண்டும் என்று எடுத்த கத்தி தன் கையையே கிழித்துவிட்டதே! அந்த மடக்கு மேசை ஓரமும் போயிற்று. அது போனால் வருஷத்தில் ஒருநாள் கூடத் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை. அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு டெல்பெர்ட்டிடம் பலகைகளைப் போட்டு நிறுத்த இரண்டு மரத்தாங்கிகள் இரவல் வாங்கினாள். அந்தப் பலகை முன்னால் ஒருநாளாவது உட்கார்ந்து சாப்பிடாமல் விடுவதில்லை, தனியாகவாவது!

விருந்தன்று பகல், கிடங்கில் கதவை ஏற்றிவிட்டுப் பலகைகளைக் கோத்து நிறுத்தியபோது கைபேசி அடித்தது. நேடீனின் மூத்த மகள் டெஸ்ஸா.

"அத்தை, எங்க இருக்கீங்க? ஷெட்ல குளிரு உயிர் போகுது. அம்மா கதவைச் சாத்திட்டாங்க, பாதிரியாருக்கு எங்க சத்தம் ஆகாதாம்."

ரோண்டா இடத்தைச் சொன்னாள். சொல்லும்போதே மனசுக்குள் ஒன்று குதித்தது.

அரை மணியில் மூன்று வண்டிகள் வந்தன. நேடீனின் நாலு பிள்ளைகள், அவர்களுடைய ஜோடிகள் மூன்று பேர், மடக்கு நாற்காலிகள், ஆளுக்கொரு பாத்திரம். மீசை முளைத்து, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டியும் பிள்ளைகள் மேசையைத் தாண்டாதவர்கள். டெஸ்ஸா மடியில் ஒரு பானை.

"கிரேவி நான்தானே வெச்சேன்? அதான் பானையோட தூக்கிட்டு வந்துட்டேன்."

"அடிப்பாவி!" என்றாள் ரோண்டா. அவ்வளவு ஆனந்தம் அவள் குரலில் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. பலகையின் தலைப்பக்கம் அவளை உட்காரவைத்தார்கள். எட்டுப் பேர், பலகை நிறைந்துவிட்டது.

தட்டில் கை வைக்குமுன், பிள்ளைகளின் வண்டிகள் கிளம்பியதைப் பார்த்துத் துரத்தி வந்த நேடீனின் கார் சீறிக்கொண்டு நின்றது.

"பாதிரியார் உலர்ந்த வான்கோழியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு! கிரேவி எங்கடி?" என்று இறங்கியவள், கண்ணில் பலகை பட்டதும் வாயைப் பிளந்தாள். "என் பலகை! இல்லைன்னியே!"

"வீட்டுல இல்லைன்னேன். என் பாதி இது. உன் பாதியை நீதான் கேட்காமத் தூக்கிட்டுப் போனியே."

"எல்லாரும் எழுந்திருங்க. வீட்டுக்குப் போகலாம்."

ஒருவரும் அசையவில்லை. நேடீனின் மகன் உருளைக்கிழங்கைப் பரிமாறினான். டெஸ்ஸா தலை நிமிராமல் சொன்னாள்: "உக்காருங்கம்மா, ஆறுது."

நேடீன் ஓர் இடம் தேடிப் பலகையைச் சுற்றி வந்தாள். ரோண்டா எழுந்து, சுவரோரம் சாய்ந்திருந்த மடக்கு மேசையை வாசலில் விரித்து, பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள்.

"இடம் பத்தல கண்ணு. இந்த வருஷம் மட்டும்."

போயிருக்கலாம். காரில் ஏறி ஒரு மிதி மிதித்திருக்கலாம். ஆனால் பெற்ற நாலும் இந்தப் பக்கம் இருந்தன. நேடீன் வாளியில் உட்கார்ந்தாள், வலது முழங்கால் மேசைக்காலில் ணங்கென்று இடித்தது.

கிரேவிப் பானை பலகையை ஒரு சுற்று வந்தது. ரோண்டா தனக்கு ஊற்றிக்கொண்டு இன்னொரு சுற்று அனுப்பினாள். பிறகுதான் அது வாசலுக்குப் போனது. நேடீன் கவிழ்த்துப் பார்த்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், ரொட்டியைக் கிள்ளி அடியை வழித்தாள். பார்த்துக்கொண்டிருந்த ரோண்டாவுக்கு வயிறு குளிர்ந்தது. பாவம் என்று தோன்றும் என நினைத்தாள், தோன்றவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் நேடீன் தாழ்ந்த குரலில் கேட்டாள். "இந்த அறையை எத்தனை நாளைக்கு எடுத்திருக்க?"

"மாச வாடகைதான்," என்றாள் ரோண்டா. "பத்தொன்பது வருஷம் வெச்சுக்கலாம்னு இருக்கேன்."