பதினொன்றரை வரை

ராசாத்தி அக்காவின் அழைப்பு வந்தபோது காலை ஏழே கால். லீட்ஸ் ஸ்டேஷனில் எட்டேகால் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தோம். எந்த ரயிலானாலும் ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்கார்வது என் கணவர் அரவிந்தனின் பழக்கம். பெரம்பலூரில் ரயில் கிடையாது. அரியலூருக்குப் போய்த்தான் ஏற வேண்டும். அவருக்கு ஏழு வயதிலேயே அப்பா இல்லை. கல்லூரிக் காலத்தில் பெரியப்பா சாமிதுரைதான் டிவிஎஸ் வண்டியில் அரியலூர் வரை கொண்டுபோய் விடுவாராம். ரயில் தவறிவிடுமோ என்ற பயத்தில் பெரியப்பா கிளப்பிவிட்ட அவசரம் இங்கே வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

அரவிந்தன் அப்போது எங்கள் மகள் சத்யாவை ஜூஸ் வாங்க அழைத்துப் போயிருந்தார்.

"பரிமளா, பெரிய மாமா தவறிட்டாருடி," என்றாள் ராசாத்தி அக்கா. பெரியப்பாவின் மூத்த மருமகள். பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது. "விடியக்கால நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சு. தம்பி போன் எடுக்கவே மாட்டேங்குது. நீ பக்குவமா சொல்லு. நாலு மணிக்கு எடுத்துருவோம். அதுக்குள்ள வீடியோவுல வரச் சொல்லு, மொகத்தப் பாத்துக்கட்டும்."

"சரிக்கா," என்றேன்.

ஊரில் நாலு மணி என்றால் இங்கே பகல் பதினொன்றரை. நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

அரவிந்தனின் போன் அணைந்து பையின் அடியில் கிடந்தது. அணைக்கச் சொன்னது நான்தான். அவருக்குக் கிடங்கில் இரவு வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை, ஆள் குறைந்தால் இரவும். ஒரே கட்டிலில் ஆளுக்கொரு நேரம் தூங்கிக்கொண்டிருந்தோம். பதினொரு மாதத்துக்குப் பிறகு இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுப்பு கிடைத்திருந்தது. ஸ்கார்பரோவில் கடலைப் பார்த்தபடி ஓர் அறை. கடல்கூட எனக்குப் பெரிதாக வேண்டியிருக்கவில்லை. யாரையும் தூக்காமல், திருப்பிப் போடாமல், துடைக்காமல் இரண்டு நாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தூக்கம்.

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பங்காளித் தீட்டு. உல்லாசப் பயணத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். திரும்பினால் வீடு. வீடு என்றால் துவைக்க வேண்டிய துணி, யாராவது வரவில்லை என்று இல்லத்திலிருந்து வரும் அழைப்பு.

அவர் ஜூஸோடும் சத்யாவோடும் சிரித்துக்கொண்டே வந்தார். ரயில் ஏறட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ரயில் ஏறியதும் தூங்கிவிட்டார். இரவு வேலை முடித்து அப்படியே கிளம்பியவர். தலை ஜன்னலில் இடித்துக்கொண்டே இருந்தது. என் துப்பட்டாவை மடித்துத் தலைக்கு வைத்தேன். தூங்கும் மனிதரை எழுப்பிச் சாவைச் சொல்வதா? எழுந்ததும் சொல்லலாம். எனக்கு இது நல்ல காரணமாகப் பட்டது. அவருக்காகவே சொல்லாமல் இருப்பதுபோல ஒரு நிம்மதிகூட வந்தது.

யார்க் தாண்டியதும் விழித்துக்கொண்டார்.

"பசிக்குது. என்ன வச்சிருக்க?"

"புளிசோறு."

"புளிசோறா? கடலுக்குப் போறமா, சமயபுரத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போறமா?"

"வேணாம்னா போங்க. நானும் சத்யாவும் தின்னுக்கறோம்."

"எடுடி, பேச்சுக்குச் சொன்னேன்."

டப்பாவைக் கொடுத்தேன். கொடுக்கும்போதே கை ஒரு கணம் நின்றது. எங்கள் பக்கத்தில் பிணம் எடுக்கும்வரை பங்காளி வீட்டில் யாரும் வாயில் சோறு வைப்பதில்லை. பச்சைப் பிள்ளைகளுக்கு மட்டும் அக்கம்பக்கத்தில் யாராவது ஆக்கிப் போடுவார்கள். இது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார். கடைசியில் எண்ணெய் படிந்த வேர்க்கடலைகளைப் பொறுக்கி சத்யாவின் வாயில் ஒன்று, தன் வாயில் ஒன்று என்று போட்டுக்கொண்டார். நான் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த வயல்களைப் பார்த்தேன். என் பங்கை நான் தொடவில்லை. அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். அது என்ன கணக்கு என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

கடற்கரைக்குப் போனபோது மணி பத்து. அறை பன்னிரண்டுக்குத்தான் கிடைக்கும் என்று விடுதிக்காரம்மா பைகளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். அரவிந்தன் பையிலிருந்த போனைச் சட்டைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டார், அணைந்தபடியே.

ஆகஸ்ட் மாதம்தான். ஆனாலும் காற்று காதுக்குள் குத்தியது. கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"அம்மா, இந்தத் தண்ணிய யாராவது கழுவணும்," என்றாள் சத்யா.

"ஒங்கம்மாவக் கழுவச் சொல்லு. ஊர்க் கெழவிங்களயெல்லாம் அவதான கழுவுறா," என்றார். அவள் கெக்கலித்தாள். இருவரும் கால்சட்டையை மடித்துவிட்டு அலையில் இறங்கினார்கள். ஒவ்வொரு அலைக்கும் அவர் "ஐயோ ஐயோ" என்று கத்தினார். அந்தக் குரலை எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று யோசித்தேன். மணியைப் பார்த்தேன். பத்து நாற்பது. பதினொன்று. பதினொன்று பத்து.

இல்லத்தில் எத்தனையோ பேரின் கடைசிப் படுக்கையை நான் மாற்றியிருக்கிறேன். வராத பிள்ளைகளை நினைத்து, எப்படி இவர்களால் முடிகிறது என்று மனதுக்குள் கேட்டிருக்கிறேன். பதினொன்றரை வரை பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அப்படித்தான் முடிகிறது. அது அவ்வளவு எளிதாக இருந்தது. அதுதான் என்னை எழுப்பியது.

தண்ணீருக்குள் செருப்போடு போய் அவர் கையைப் பிடித்தேன்.

"பெரியப்பா தவறிட்டாங்க."

அவர் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. "எந்தப் பெரியப்பா?"

"நம்ம பெரியப்பா."

"எப்ப?"

"காலையில. இப்பத்தான் போன் வந்துச்சு." வாய் தானாகச் சொன்னது.

ஈரக் கையோடு போனை உயிர்ப்பித்தார். வீடியோவில் பெரியப்பா மகன் சிங்காரவேலு அண்ணன் வந்தார். "பாத்துக்கடா தம்பி, பாத்துக்க," என்று அழுதபடி போனைக் கண்ணாடிப் பெட்டி மேல் பிடித்தார். பெரியப்பாவின் மூக்கில் பஞ்சு. நெற்றியில் பெரிய விபூதிப் பட்டை. அரவிந்தன் போனுக்கு மிக அருகில் குனிந்து, "பெரியப்பா, பெரியப்பா," என்றார்.

போன் கை மாறியது. முத்தாயி பெரியம்மா வந்தாள், அவிழ்ந்த தலையோடு.

"ஏண்டா, ஒம் பின்னாடி என்னடா அது, தண்ணி?"

"கடல் பெரியம்மா. லீவுன்னு வந்தோம்..."

"அப்பன் மாதிரி வளத்தவரு பொணமாக் கெடக்கயில ஒனக்குக் கடல் கேக்குதா?"

"இப்பத்தான் தெரியும் பெரியம்மா. சத்தியமா."

பக்கத்திலிருந்து ராசாத்தி அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. "இப்பத்தானா? பன்னெண்டு மணிக்கு முன்னாடியே பரிமளாகிட்ட சொன்னனே தம்பி. கொட்டுக்காரன் வந்த நேரம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கொட்டு வேகமெடுத்தது. "தூக்குங்கப்பா" என்று யாரோ கத்தினார்கள். பந்தல் துணி, யாருடைய தோளோ, வெயில், தெரு. பிறகு படம் உறைந்து நின்றது.

போனை என் கையில் கொடுத்துவிட்டு உடுத்திய துணியோடு கடலுக்குள் நடந்தார். இடுப்பளவு வந்ததும் மூன்று முறை தலை முழுகினார்.

"அப்பா சட்டையோட குளிக்கிறாரு!" சத்யா கை தட்டினாள். தூரத்தில் நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரரும் சிரித்தார்.

வெளியே வந்தபோது அவருக்குப் பல் கிட்டித்திருந்தது. என் துப்பட்டாவை நீட்டினேன். வாங்கித் துடைத்துக்கொண்டார்.

"ஊர்ல பன்னெண்டுக்கு முன்னாடின்னா, இங்க ஏழு, ஏழே காலா?"

"ஆமா."

"அப்ப, ரயில்ல நான் சோறு திங்கயில ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"வேர்க்கடலையப் பொறுக்கிப் பொறுக்கித் தின்னேன்."

அவர் தூங்கியதைக் காரணம் காட்டியிருக்கலாம், திட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். எதற்கும் தெம்பில்லை. நின்றுகொண்டே கண் சொருகியது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"மணி பன்னெண்டாகப் போவுது. ரூம் குடுப்பாங்க. போய்ப் படு."

"வீட்டுக்குப் போயிரலாங்க."

"எதுக்கு? அங்க போய் மட்டும் என்ன செய்யப் போறேன்? தீட்டு எங்க இருந்தாலும் தீட்டுதான்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "சத்யாவ நான் பாத்துக்கறேன். நீ போ."

அறையில் வெள்ளை விரிப்பு இறுக்கமாக இருந்தது, எங்கள் இல்லத்தில் நான் போடுவதைப் போலவே. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஈரச் சட்டைக்கு மேல் கோட்டைப் போர்த்திக்கொண்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சத்யா அவர் காலடியில் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கீழே இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். செருப்பைக்கூடத் தேடினேன்.

பிறகு திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. ஐந்து மணி நேரம், கனவே இல்லாமல் தூங்கினேன்.