சார்ஜ் லைட்

"சாவியைத் திருப்பும்மா" என்றாள் நாத்தனார். வேனின் இடப்பக்க சீட்டைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, அதன் அடியில் இருந்த இன்ஜினுக்குள் இடுப்புவரை குனிந்திருந்தாள். அவளுடைய தம்பி உள்ளே கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தான்.

டிரைவர் சீட்டில் இருந்த அவன் மனைவி சாவியைத் திருப்பினாள்.

"சின்ன சிவப்பு லைட் எரியுதா?"

"இல்லை, அண்ணி."

காலையில் பல் விளக்கப் போனவர் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் நாத்தனார் வந்தாள். தம்பியின் முகத்தைத் துடைத்தாள், அழுதாள், பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் வண்டி வேலை பார்க்கும் ஷெட்டுக்குப் போய்விட்டாள். "அவனை இந்த வண்டியிலதான் சுடுகாட்டுக்குக் கொண்டு போகணும். அவனே சொன்னான்."

"எப்போ சொன்னார்?"

"போன வாரம், ஆல்டர்னேட்டரைக் கழட்டினப்போ. செத்தா என்னை இதுலயே ஏத்திடு அக்கான்னு சிரிச்சான்."

"எங்கிட்ட சொல்லலையே."

"சும்மா பேச்சுக்குச் சொன்னதும்மா."

அந்தச் சும்மாப் பேச்சுதான் இத்தனை வருஷமாக மனைவியான இவளுக்குக் கிடைக்காதது. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் கம்பெனியில் வேலை பார்த்தவள் நாத்தனார். சாயங்காலமானால் ஷெட்டுக்கு வந்துவிடுவாள். அக்காவும் தம்பியும் சிரிப்பது அடுக்களைவரை கேட்கும். இவள் டீயோடு போய் நின்றால் சிரிப்பு நின்றுவிடும். "அங்க வை" என்பார் அவர். கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, சண்டை போடலாம். அன்பாகத்தான் சொல்வார்.

நாத்தனார் நிமிர்ந்தாள். "ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்கு. பல்புதான் போயிருக்கு."

"ஒரு லைட் எரியலேன்னா என்ன? வண்டி ஓடாதா?"

"ஓடும். ஆனா பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் இந்த பல்பு வழியாத்தான் போகுது. அது போகலேன்னா சார்ஜ் ஏறாது. பழைய பேட்டரி, பாதி வழியில நின்னுடும். தம்பியை வெச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்கவா?"

ஷெட்டில் நாத்தனார் வேறு பல்பு தேடி டப்பாக்களைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. புது பல்பு எங்கே இருக்கிறது என்று இவளுக்குத் தெரியும். ஷெட்டில் எலி உருட்டுகிறது என்று, பஞ்சில் சுற்றி இவளுடைய தையல் மெஷின் டிராயரில் வைத்திருந்தார். ஊசி தேடும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும். "என் சாமான்ல உங்க குப்பை எதுக்கு?" என்று திட்டியும் இருக்கிறாள்.

சொல்லவில்லை. தேடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். இந்த வண்டி நகராவிட்டால் வேறு வண்டி வரும். அப்போது அக்காவிடம் சொன்னது நடக்காது. நினைக்க இனிப்பாக இருந்தது.

நாத்தனார் வெறுங்கையோடு வந்து வேனில் சாய்ந்து நின்றாள். "எதை எங்க வைப்பான்னு எனக்கு எதுவுமே தெரியலம்மா" என்றாள்.

இவள் இறங்கி உள்ளே போனாள். கூடத்தில் இருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். அவருடைய தலைமாட்டைத் தாண்டித்தான் மெஷின் இருந்தது. அவர் பக்கம் பார்க்காமல் டிராயரைத் திறந்து, பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"எங்க இருந்துச்சு?"

"எங்கிட்ட இருந்துச்சு. எங்கிட்டதான் குடுத்து வெச்சிருந்தார்."

நாத்தனார் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மீட்டர் போர்டுக்குப் பின்னால் கையை விட்டு பல்பை மாட்டினாள். இவள் ஏறிச் சாவியைத் திருப்பியதும் சிவப்பு எரிந்தது. இன்ஜின் இருமி, உறுமி, சீரானது. சிவப்பு மங்கி அணைந்தது.

"அணைஞ்சுதா?"

அணைந்தது இவளுக்கு மட்டும்தான் தெரியும். நாத்தனார் இன்ஜினுக்கு மேலே குனிந்தபடியே காத்திருந்தாள்.

"அணைஞ்சிடுச்சு, அண்ணி."

தூக்குகிறவர்கள் வருவதற்குள் கை கழுவ வேண்டும் என்றாள் நாத்தனார். இவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். சோப்பை மூன்று தடவை தேய்த்தும் நகக்கண்களில் இருந்த கறுப்பு போகவில்லை. அகலமான, நுனி தட்டையான நகங்கள். அவருக்கும் அப்படித்தான்.

"போதும்மா" என்று நாத்தனார் முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

இவள் மீதித் தண்ணீரைத் தன் கைகளில் ஊற்றிக்கொண்டாள். கழுவ அவற்றில் கறுப்பு ஒன்றுமில்லை.