தண்ணீர் குறைந்த வீடுகள்

ஜோர்டானின் தலைநகர் அம்மானில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும். எங்கள் தெருவுக்குச் செவ்வாய். அன்று மொட்டை மாடித் தொட்டி நிறையும். அடுத்த செவ்வாய் வரை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எந்த வீடு எவ்வளவு பிடித்தது என்பதைப் புது மீட்டர்கள் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். அந்த எண்களிலிருந்து தண்ணீர் திருடும் வீடுகளைக் கண்டுபிடிப்பது என் வேலை. டேட்டா சயின்டிஸ்ட் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கிறது.

நான் எழுதிய கணினி மாடல் எளிமையானது. ஒரு வீட்டின் அளவு திடீரென்று இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால், மீட்டருக்கு முன்னால் யாரோ தனிக் குழாய் இழுத்திருக்கிறார்கள் என்று அது சந்தேகப்படும். ஞாயிறு காலை பட்டியல் போகும். பரிசோதகர்கள் நேரில் பார்த்து, திருட்டு உண்டு அல்லது இல்லை என்று பதிவு செய்வார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து மாடல் மேலும் கற்றுக்கொள்ளும். பத்துக்கு எட்டு சரி என்றது கணக்கு. மேலாளர் ரம்ஸி அதை இயக்குநர்கள் கூட்டத்தில் காட்டிக் கைத்தட்டல் வாங்கினார்.

பிப்ரவரியில் என் மனைவி தீமா இறந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. கொஞ்ச நாளிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டேன். எண்கள் எதுவும் விசாரிப்பதில்லை.

ஜூனில் ஒரு திங்கட்கிழமை பரிசோதகர் அபூ லைத் என் மேசைக்கு வந்தார். பருத்த மனிதர். வாய் ஓயாதவர்.

"டாக்டரே, ஜபல் அல் தாஜ் ஏரியால உன் மெஷின் காட்டின வீட்ல திருட்டுக் குழாயே இல்ல. தரையைத் தட்டித் தட்டி என் முட்டி போனதுதான் மிச்சம்."

"அப்ப என்ன பதிஞ்சீங்க?"

"திருட்டுன்னுதான். டைல்ஸுக்கு அடியில போகுதுன்னு. மெஷின் பொய் சொல்லுமா?"

எத்தனை வீடுகளில் இப்படிப் பதிந்தீர்கள் என்று கேட்டேன். குழாய் கிடைக்காத இடத்திலெல்லாம் அப்படித்தான், எல்லாப் பரிசோதகர்களும் அப்படித்தான் என்றார். அதில் மறைக்க ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. என் மாடல் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். அவர்கள் எழுதியதை மாடல் நம்பியது. பத்துக்கு எட்டு வந்தது அப்படித்தான்.

அந்த வீட்டின் இணைப்பை வியாழக்கிழமை துண்டிக்க உத்தரவு தயாராகியிருந்தது. வியாழன்தான் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் நாள். அதற்கு முன் இன்றே மறுபடி போய்ப் பார்ப்போம், நானும் வருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெயில்ல கரைஞ்சிட மாட்டியே?"

கதவைத் திறந்தவள் பெயர் இன்ஷிராஹ். நாற்பதைத் தாண்டியவள். கறுப்பு உடை.

"மறுபடியும் தட்ட வந்தீங்களா? அடுத்த தடவை சுத்தியலோட நாலு டைல்ஸும் வாங்கிட்டு வாங்க."

வீட்டில் யார் யார் என்று கேட்டேன். மகன் அகபாவில் வேலை பார்க்கிறான். கணவர் கார் மெக்கானிக். தினமும் உடம்பெல்லாம் கிரீஸோடு வருவார், நெடுநேரம் குளிப்பார், அவர் துணியை மட்டும் இரண்டு முறை அலச வேண்டும். நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் நெஞ்சு வலியில் போய்விட்டார்.

"தண்ணி குறைஞ்சது உங்க மெஷினுக்குத் தெரியுது," என்றாள். "ஆள் குறைஞ்சது தெரியல."

அபூ லைத் தரையைப் பார்த்தார். நான் போனில் அவள் வீட்டுத் தண்ணீர் அளவைக் காட்டும் கோட்டு வரைபடத்தைத் திறந்தேன். இறங்குவதற்கு முந்தைய வாரம் அது ஒரு முறை மேலே ஏறியிருந்தது. சின்ன மேடு. இத்தனை நாள் அதைப் பிசிறு என்று ஒதுக்கியிருந்தேன்.

துக்கம் விசாரிக்க நிறையப் பேர் வந்தார்களா என்று கேட்டேன்.

"மூணு நாளும் வீடு கொள்ளல, தம்பி. காபிக் கோப்பையைக் கழுவிக் கழுவி என் தங்கச்சி கை ஊறிப்போச்சு."

எனக்குத் தெரியும். பிப்ரவரியில் என் சமையலறையில் தீமாவின் அத்தைமார் நின்றார்கள். கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகள். மூன்று நாள் அந்தக் குழாயை யாரும் மூடவில்லை.

திரும்பும் வழியில், என் வீடும் பட்டியலில் வந்திருக்க வேண்டுமே என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அபூ லைத் கியரை மாற்றினார்.

"வந்துச்சு. ஏப்ரல்ல. நான்தான் திருட்டு இல்லன்னு போட்டேன்."

"வந்து பார்க்காமலா?"

"துக்கத்துக்கு வந்தவன்டா நான். உன்னை எனக்குத் தெரியும்." அடுத்த சிக்னலில் சொன்னார்: "அந்தம்மாவை யாருக்குத் தெரியும்?"

மறுநாள் முழுக்க உட்கார்ந்து, மேடு வந்து பிறகு சரிந்த வீடுகளைத் தனியே பிரித்தேன். குழாய் கிடைக்காமலே திருட்டு என்று பதிந்தவற்றில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவை. சிலவற்றின் இணைப்பு ஏற்கனவே துண்டிக்கப்பட்டிருந்தது. அபூ லைத் அந்தத் தெருக்களில் தனக்குத் தெரிந்த கடைக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். ஒரு வீட்டில் தகப்பன் இறந்திருந்தார். ஒரு வீட்டில் இரட்டையரில் ஒருத்தி. மூன்றாவதைக் கேட்டுவிட்டு அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

புதன்கிழமை ரம்ஸியிடம் போனேன். கெட்டவர் இல்லை. நான் பிரித்த வீடுகளின் கோடுகளைத் திரையில் வெகுநேரம் பார்த்தார்.

"திருடன் வீட்டுக்கும் விருந்தாளி வருவான், முஃதஸிம். ஒரு மேட்டை வெச்சுக்கிட்டு நான் எல்லாரையும் விட முடியாது."

எனக்காக இன்ஷிராஹ் பெயரை மட்டும் எடுத்துவிடுவதாகச் சொன்னார். மற்றவை அப்படியே இருக்கும். பட்டியலை அச்சிட்டுக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அச்சிட்டேன். அவள் பெயரை நான் எடுக்கவில்லை. அதற்கு மேலே என் முகவரியைச் சேர்த்திருந்தேன்.

பேனாவைத் திறந்த ரம்ஸி என் முகவரியின் மேல் விரலை வைத்தார்.

"இது உன் வீடு."

"மாடல் திருட்டுன்னு சொல்லுது. குழாய் கிடைக்கல. டைல்ஸுக்கு அடியில இருக்கலாம்."

"என்னை மிரட்டுறியா?"

"இல்ல, உஸ்தாத். ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி கோடு. எடுத்தா எல்லாத்தையும் எடுங்க. இல்லன்னா என்னோடதுக்கும் சேர்த்துப் போடுங்க."

அவரும் துக்கத்துக்கு வந்திருந்தார். என் முன்னறையில் கசப்புக் காபி குடித்து, போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். என் வீட்டு மேட்டில் அவர் கோப்பையைக் கழுவிய தண்ணீரும் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. அவர் என் முகவரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவை மூடினார். குழாய் கிடைக்காத எந்த வீட்டையும் இனி துண்டிக்க வேண்டாம் என்றார். ஏற்கனவே துண்டித்தவை என்று ஆரம்பித்தேன். அது சட்டப் பிரிவின் பாடு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வியாழன் மதியம் அபூ லைத் கூப்பிட்டார். ஜபல் அல் தாஜில் தொட்டி நிறைகிறதாம். டைல்ஸ் எங்கே என்று அந்தம்மா கேட்டாளாம்.

சட்டப் பிரிவு ஒவ்வொரு வீட்டுக்கும் ஆதாரம் கேட்டது. மாடலைத் திருத்தவும் ஒவ்வொரு பதிவையும் மாற்றியாக வேண்டும். அதற்கு யாராவது அந்த வீடுகளில் கேட்க வேண்டும். எண்கள் என்னிடம் இருந்தன. முதல் எண்ணை அழுத்தினேன். ஓர் ஆண் எடுத்தான். பின்னால் லாரித் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இரைந்தது.

"மார்ச் மாசம் உங்க வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

மோட்டார் சத்தம் நின்றது.

"யார் பேசறது?"

"தண்ணி கம்பெனி."

வைத்துவிட்டான். கொஞ்ச நேரம் பொறுத்து, மறுபடி அழைத்தேன்.