எல்லாம் பச்சை

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அவளுக்குச் ‘சக்கரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காலில் சக்கரம் கட்டியவள்போல எந்த நாற்காலியிலும் நிலையாக உட்காரமாட்டாள் என்பதற்காக. கோப்புகளை நின்றுகொண்டே படிப்பாள். தொலைபேசியில் பேசினால் நடைக்கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வந்துகொண்டே பேசுவாள். மாவட்டத்துக்கே கல்வி அதிகாரி என்பதால் யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. கேட்டும் கேளாததுபோல இருந்துவிட்டாள்.

அந்த வாரம் சக்கரம் வழக்கத்தைவிட வேகமாகச் சுழன்றது. செயற்கை நுண்ணறிவால் கணக்குச் சொல்லித்தரும் ஒரு செயலியை மாவட்டத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கொண்டுபோவதா என்று வெள்ளிக்கிழமை கல்விக் குழு முடிவெடுக்கப்போகிறது. செயலியைத் தேடிப் பிடித்தவள் அவள். முகம் சுளித்த தலைமையாசிரியர்களிடம் நயமாகவும் கறாராகவும் பேசி, ஒரு பள்ளியில் சோதனைக்கு விடச் சம்மதம் வாங்கியவளும் அவள்தான். அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பது அவளுடைய சொந்த அக்கா. “அக்கா தங்கச்சி கூட்டுக் குடித்தனம்” என்று அலுவலகத்தில் ஒரு கிண்டல் ஓடியது. அதையும் அவள் கேளாததுபோல இருந்தாள்.

சோதனை நன்றாகவே நடந்திருந்தது. அவளுடைய கணினித் திரையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். தடுமாறினால் சிவப்பு, சுமாராகப் போனால் மஞ்சள், முன்னேறினால் பச்சை. அக்காவின் வகுப்பில் ஒரு கட்டம் பாக்கியில்லாமல் பச்சை. கல்வித் துறை இயக்குநர் எட்டிப் பார்த்துவிட்டு, “கண்ணுக்குக் குளுமையா இருக்குங்க” என்று சொல்லிப் போனார்.

அவர் போனபிறகு அவள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ ஒன்று, பல்லிடுக்கில் மாட்டிய நார்போல, நெருடிக்கொண்டே இருந்தது. ஆசிரியையாகத் தொடங்கியவள் அவள். தடுமாறும் பிள்ளை ஒன்றுகூட இல்லாத கணக்கு வகுப்பை அவள் இதுவரை பார்த்ததில்லை. நல்லது நடந்தால் நம்ப மறுக்கிற புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மதியம் வரை அந்த நினைப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள்.

வகுப்பு அமைதியாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் ஹெட்போன், கையில் பலகைக்கணினி. விரல் திரையில் படும் சத்தமும் மின்விசிறியின் கிரீச்சும்தான் கேட்டன. அக்கா கடைசி வரிசையில் ஒரு மாணவனுக்கு அருகே குனிந்திருந்தாள்.

“வாங்க மேடம்” என்றாள் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி. பக்கத்தில் வந்ததும் குரலை இறக்கி, “என்னடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?” என்றாள்.

“சும்மாதான்க்கா.”

“நீ எப்ப சும்மா வந்திருக்க?” அக்காவின் முகம் மலர்ந்திருந்தது. “நல்ல நேரத்துலதான் வந்திருக்க. லெட்டர் வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை முடிவாயிட்டா, மத்த ஸ்கூல் டீச்சருங்களுக்கு எல்லாம் நான்தான் பயிற்சி குடுக்கணுமாம். தலைமைப் பயிற்சியாளர். பேரைப் பாரு, எவ்வளவு நீளமா இருக்குன்னு.”

அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு, “நானும் கொஞ்சம் போட்டுப் பாக்கறேனே” என்றாள்.

அன்று வராத ஒரு பிள்ளையின் இடம் காலியாக இருந்தது. ஆசிரியர்கள் பழகிப் பார்ப்பதற்கென்று இருந்த தனி உள்நுழைவில் எட்டாம் வகுப்புக் கணக்கைத் திறந்து கொடுத்தாள் அக்கா. முதல் கணக்கை அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் அழைத்தார். எழுந்து வெளியே போய் நடந்துகொண்டே பேசிவிட்டு வந்து விடையைத் தட்டினாள். சரியான விடைதான். அடுத்த கணக்கின் நடுவில் மறுபடியும் இயக்குநர். மறுபடியும் நடை. மூன்றாவதிலும் அதே கதை.

திரும்பி வந்தபோது செயலி, “அவசரமில்லை. இதை முயன்று பார்ப்போமா?” என்று கேட்டிருந்தது. சமன்பாடு காணாமல்போய், கூடையில் இருக்கும் பழங்களை நண்பர்களுக்குச் சமமாகப் பங்கிடும் கணக்கு வந்திருந்தது. அவள் சிரித்துவிட்டாள். பங்கிட்டாள். பூச்செண்டு ஒன்று விரிந்தது. ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

“அக்கா, இது என்னை நாலாம் கிளாஸுக்கு அனுப்பிடுச்சு.”

“உனக்கு அதுதான் சரி.”

“மேல எப்படி வர்றது?”

“தானா ஏத்திவிடும். போட்டுக்கிட்டே இரு.”

போட்டுக்கொண்டே இருந்தாள். பழங்கள் போய்ப் பென்சில்கள் வந்தன. பென்சில்கள் போய்ப் பறவைகள் வந்தன. எல்லாமே சரி, எல்லாவற்றுக்கும் பூச்செண்டு. ஆனால் எட்டாம் வகுப்பு திரும்பி வரவே இல்லை. எதேச்சையாகப் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். உயரமான ஒரு பெண், இரட்டைப் பின்னல் போட்டவள், அதே பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“உனக்கும் இதுதானா?”

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: “எனக்கு எப்பவும் இந்த மாதிரிதான் மேடம் வரும். முந்தின பரீட்சையிலேருந்தே.”

அந்தப் பெண்ணின் மேசையில் ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு கணக்கையும் தாளில் போட்டு, ஒருமுறை சரிபார்த்து, அதற்குப் பிறகே திரையைத் தொட்டாள். கல்வி அதிகாரி அதே தாளின் மூலையில் எட்டாம் வகுப்புச் சமன்பாடு ஒன்றை எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் தயங்கினாள், தொடங்கினாள், நடுவில் குறியை மாற்றிப் போட்டு வழிதவறினாள். பென்சில் முனையைக் கடித்தபடி தானே கண்டுபிடித்து அடித்துத் திருத்தினாள். விடை வந்தது. மெதுவாக வந்தது, அவ்வளவுதான்.

மணி அடித்ததும் அக்காவும் தங்கையும் ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தங்கை தான் கண்டதைச் சொன்னாள். அக்கா முதலில் நம்பவில்லை.

“ஒரு பொண்ணைப் பாத்துட்டுப் பேசாத. கணக்குப் பீரியடுன்னா வயித்துவலின்னு சொல்ற பசங்க இப்ப முதல் ஆளா வந்து உக்கார்றாங்க. என் கிளாஸ்ல யாரும் அழறதில்ல, தெரியுமா?”

“நாலாம் கிளாஸ் கணக்கு போட்டா யாருக்குக்கா அழுகை வரும்?”

நினைத்ததைவிடச் சூடாக வந்துவிட்டது. அக்கா ஒரு சோதனைக்குழாயை எடுத்து, தாங்கியில் வேறு துளைக்கு மாற்றினாள். பிறகு அதையே பழைய இடத்தில் வைத்தாள்.

“வேண்டாம்னு சொன்ன என்கிட்ட இதைக் கொண்டுவந்து திணிச்சது நீ. பழகினேன். பிடிச்சுப்போச்சு. இத்தனை வருஷத்துல என்னை யாரு திரும்பிப் பாத்தாங்க? நீ அதிகாரியானதும் அதிகாரியோட அக்கான்னு ஒரு பேரு கிடைச்சுது, அவ்வளவுதான். இப்பதான் என் வேலைக்காக என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அது பொறுக்கலையா உனக்கு?”

“அப்படிச் சொல்லாதக்கா.”

“வேற எப்படிச் சொல்ல?”

அவள் அந்தக் கூடத்திலேயே மேசைகளைச் சுற்றி நடந்தாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

காரில் ஏறியதும் செயலி நிறுவனத்தின் பிரதிநிதியை அழைத்தாள். நாற்பது வயதுக்காரர், பணிவானவர். எதைக் கேட்டாலும் “நல்ல கேள்வி” என்று தொடங்குவதால் அலுவலகத்தில் அவருக்கும் அதுவே பெயராகியிருந்தது.

“பச்சைன்னா வகுப்புக்கு ஏத்த மாதிரி படிக்கிறாங்கன்னு அர்த்தமா?”

“நல்ல கேள்வி மேடம். அவங்கவங்க பாதையில முன்னேறுறாங்கன்னு அர்த்தம்.”

“அந்தப் பாதையை யார் போடறது?”

“செயலிதான். விடை சரியா, எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாங்க, ரெண்டையும் பாக்கும். நேரமானா கீழ இறக்கும், பல நாள் பாத்துட்டுத்தான் மேல ஏத்தும்.”

“மெதுவா யோசிக்கிற பிள்ளை?”

“அடுத்த பதிப்புல அதைக் கவனிக்கிறோம் மேடம்.”

“அதுவரைக்கும் டீச்சரே ஏத்திவிட முடியுமா?”

“இப்போதைக்கு முடியாது.”

வீட்டில் அன்று மாலை முழுக்கக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். “தரை தேயுது, கொஞ்சம் உக்காரேன்” என்றார் கணவர். உட்கார்ந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அக்காவை அழைக்கக் கைபேசியை எடுத்தாள், வைத்தாள். குழுவில் இதைச் சொன்னால் முதலில் கவிழப்போவது அக்காவின் பெயர். சொல்லாவிட்டால் மாவட்டம் முழுக்க எத்தனை பிள்ளைகள் பறவைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ. மறுநாள் இயக்குநரிடம் மட்டும் பேச்செடுத்துப் பார்த்தாள். “கூட்டம் முடியட்டும், அப்புறம் சரிபண்ணிக்கலாம்” என்று அவர் கோப்பைப் புரட்டினார்.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் நீள மேசையைச் சுற்றிக் குழு உறுப்பினர்கள், நடுவில் இயக்குநர், சுவரோரம் ‘நல்ல கேள்வி’. முதலில் பேசவேண்டியவள் அக்கா. இரண்டு நாளாக அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. உள்ளே வந்தபோதுகூடத் தங்கையின் பக்கம் பார்க்கவில்லை. அக்கா புகழ்ந்து பேசி முடித்ததும் அதைத் தானே மறுக்கவேண்டியிருக்கும் என்று நினைத்தபடி அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

அக்கா எழுந்து, பெரிய திரையில் தன் வகுப்பைக் காட்டினாள்.

“எல்லாம் பச்சை. இதைக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கீங்க” என்றாள். “நேத்து நான் செயலியை மூடி வச்சுட்டு, எட்டாம் வகுப்புக் கணக்கு ஒண்ணைப் பலகையில எழுதினேன். பாதி வகுப்பு முழிச்சுது. அதுகூடப் பரவாயில்ல, சொல்லிக் குடுத்துடலாம். ஒரு பையன் எழுந்து, ‘மிஸ், இது எங்க லெவல் இல்ல’ன்னான். அப்படிச் சொல்ல நான் கத்துக்குடுக்கல. செயலியும் சொல்லிக் குடுக்கல. அவனா முடிவுபண்ணிக்கிட்டான்.”

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“செயலி வேண்டாம்னு சொல்ல வரல. பயந்த பிள்ளைங்களை அது உக்கார வச்சிருக்கு, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா யாரை எப்ப மேல தூக்கிவிடணும்கறது என் கையில இருக்கணும். அது இல்லாம இதை வேற டீச்சருங்களுக்கு என்னால சொல்லிக்குடுக்க முடியாது.”

“நல்ல கேள்வி” என்று பிரதிநிதி எழுந்தார்.

“நான் கேள்வி கேக்கலங்க” என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தாள்.

இயக்குநர் கல்வி அதிகாரியைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க?”

வழக்கம்போல அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். “இதைத் தேடிப் பிடிச்சது நான். நானே சொல்றேன். டீச்சர் கைக்கு அந்த உரிமை வர்ற வரைக்கும் மத்த பள்ளிகளுக்கு வேண்டாம்.”

வாதம் நீண்டது. பக்கத்து மாவட்டம் முந்திக்கொள்ளும் என்றார் ஒருவர். பெற்றோர் ஆவலாகக் காத்திருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். கடைசியில் விரிவாக்கம் அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிப்போனது. பயிற்சித் திட்டமும் அதோடு நின்றது. வெளியேறும்போது இயக்குநர் அவளருகே வந்து, “நீங்க ரெண்டு பேரும் இதை வீட்டிலயே பேசி முடிச்சிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். மறுவாரத்திலிருந்து செயலி சம்பந்தப்பட்ட கோப்புகள் அவளுடைய துணை அதிகாரியின் மேசைக்குப் போயின.

வாசலில் அக்காவைப் பிடிக்க அவள் கிட்டத்தட்ட ஓடவேண்டியிருந்தது.

“வண்டியில வா, விட்டுடறேன்.”

“பஸ் வரும்.”

இருவரும் நிறுத்தத்தில் நின்றார்கள். பேருந்து வரும் திசையைப் பார்த்தபடி அக்கா, “எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிச்சிருந்துது” என்றாள்.

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா வந்து சொன்ன?”

“ஆமா.”

அக்கா தலையசைத்தாள். கோபமா, ஒப்புதலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பேருந்து வந்தது. அக்கா ஏறி, சன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினாள்.

புதிய பதிப்பு மறுவருடம் வந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்தக் கணக்கு என்பதை ஆசிரியரே மாற்றலாம் என்று வசதி செய்திருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளராக வரமுடியுமா என்று துணை அதிகாரி அக்காவை மறுபடியும் கேட்டார். “யோசிச்சுச் சொல்றேன்” என்றாளாம் அக்கா. கல்வி அதிகாரிக்கு இந்தச் செய்தி மூன்றாம் மனிதர் மூலமாகத்தான் வந்தது. அக்காவிடம் நேரே கேட்கலாம். கைபேசியை எடுத்துக்கொண்டு நடைக்கூடத்துக்கு வருகிறாள், கோடிவரை நடக்கிறாள், அழைக்காமலே திரும்பிவிடுகிறாள். துணை அதிகாரிக்கு அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.