அறுபதாவது ஈ

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு ஈக்காரம்மா என்று பேர். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ நீளமாகப் போட்டிருக்கும், அதை யாரும் படித்ததில்லை. பதினெட்டு வருடமாக ஈ வளர்க்கிறேன். சோற்றில் மொய்க்கிற ஈ இல்லை. எள்ளில் பாதி கூட இராது, ஆட்டையும் மாட்டையும் கடிக்கும். நாங்கள் பொடி ஈ என்போம். முட்டையிலிருந்து வளர்த்து, சர்க்கரைத் தண்ணீர் வைத்து, சூடு பார்த்து, ஈரம் பார்த்து, அத்தனையும் நான்தான். "எனக்குக் கூட நீ இவ்ளோ செஞ்சதில்லம்மா" என்று என் மகன் குத்திக் காட்டுவான். உண்மைதான், அவன் ஒருநாளும் இவ்வளவு சமர்த்தாக டப்பாவுக்குள் இருந்ததில்லை.

ஆடுகளுக்கு ஒரு காய்ச்சல் வரும். நாக்கு நீலமாகி வீங்கும், வாயில் எச்சில் வழியும், பத்தில் நாலு பிழைத்தால் அதிகம். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. அதைப் பரப்புவது இந்தப் பொடி ஈதானா, எத்தனை நாளில் பரப்பும் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. நோயுள்ள ரத்தம் குடித்த ஈக்கள் சிவப்பு மூடி டப்பாவில், நல்ல ரத்தம் குடித்தவை பச்சை மூடி டப்பாவில். அறைக்கு அடுத்தடுத்து இரண்டு கதவு. ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். ஜன்னல் கிடையாது, நடைபாதையைப் பார்த்த ஒரு கண்ணாடி மட்டும் உண்டு. காற்றுகூட உள்ளே வரும், வடிகட்டாமல் வெளியே போகாது.

இந்த அறைக்குள் போனவர் ஏழு நாளைக்கு எந்த ஆட்டின் பக்கமும் போகக் கூடாது. நான் வாரத்தில் ஐந்து நாள் உள்ளே இருப்பவள். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் தங்கை, நிலையத்து வேலிக்கு அப்பால் ஒன்றரை கிலோமீட்டரில் ஆடு வளர்க்கிறாள். புருஷன் அவளை விட்டுவிட்டு ஓடிய வருடம் இரண்டு ஆட்டில் ஆரம்பித்து இன்றைக்கு முப்பத்துநாலு. அதில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. சாயந்தரம் போய்ப் பட்டிக்கு வெளியே, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டு வருவேன். மகாராணி என்று ஒரு ஆடு, சினையாக இருக்கிறது, அது மட்டும் வேலிக் கம்பியை நக்கிக்கொண்டே என்னைப் பார்க்கும். எனக்கும் அதற்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

அன்றைக்கு எட்டாம் நாள், டப்பாவைக் காலி செய்கிற நாள். சிவப்பு மூடியில் அறுபது ஈ போட்டிருந்தோம். இடையில் செத்தாலும் உள்ளேயே கிடக்கும், எடுப்பதில்லை. ஆகவே போட்டது அறுபதென்றால் எடுப்பதும் அறுபதாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கதவைப் பூட்டிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் தேடலாம். அதற்குள் கிடைக்காவிட்டால் மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கிற ஆடு அத்தனையையும் கொன்று புதைக்க வேண்டும். சட்டம் அப்படி. நானும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தங்கையின் பட்டி வட்டத்துக்குள் இருப்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு ஈ குறைந்ததில்லை.

எண்ணுவது இப்படி. டப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் மயங்கி விழும். வெள்ளைத் தட்டில் கொட்டி, நான் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்பிரிட் புட்டியில் போடுவேன். எதிரே இருப்பவர் கையில் எண்ணும் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு எண் ஏறும். முதல் ஈக்கு மட்டும் தட்டாமல் "லாபம்" என்று சொல்வேன். அதற்குப் பிறகு வாயே திறக்க மாட்டேன், புட்டி விளிம்பில் இடுக்கியால் டிக் என்று ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு ஓர் அமுக்கு. நான் மனசுக்குள் எண்ணுவதும் இல்லை. எண்ணினால் கை தடுமாறும்.

லாபம் என்பது எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் தானிய மண்டியில் அளப்பவர், முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லவே மாட்டார். எனக்கும் தங்கைக்கும் அது அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. வழக்கமாக என் எதிரே உட்காருகிறவள் கடிகாரம். ஒன்பது அடித்தால் உள்ளே இருப்பாள், அதனால் அந்தப் பேர். பன்னிரண்டு வருடமாக என் லாபத்துக்கு அமுக்கியவள். அன்று அவள் பெண்ணுக்குக் காய்ச்சல், லீவு. அவளுக்குப் பதிலாகப் புது டாக்டர் வந்தார். மாட்டு டாக்டருக்குப் படித்து ஆராய்ச்சிக்கு வந்தவர், வந்து மூன்று வாரம்தான். என்னை மேடம் என்பார். கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

மூன்று மணிக்கு எண்ண ஆரம்பித்தோம். கை நன்றாக ஓடியது. தட்டு காலியானதும் புட்டியை மூடி, சுவரில் இருக்கிற ஆவிப்பெட்டிக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். உள்ளே போன எதுவும் கொதித்துக் கஷாயமாகித்தான் வரும். டாக்டரின் கையைப் பார்க்காமலே அழுத்தினேன். பார்த்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது, எழுதியதே நான்தான்.

"மேடம், அம்பத்தொம்பதுதான் காட்டுது."

"சரியா பாருங்க டாக்டர்."

பார்த்தார். கருவியை எனக்கும் காட்டினார்.

அவர் சுவர் போனை எடுத்து இயக்குநரிடம் சொன்னார். பெரியவர் என்று நாங்கள் கூப்பிடுவோம், அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது, பூட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மணி மூன்று பத்து. ஐந்து பத்துக்கு அவர் பேச வேண்டியதைப் பேசுவார்.

தேடினோம். தட்டு, மேஜை அடி, குளிர்பெட்டி ரப்பர், என் கையுறை மடிப்பு, டாக்டரின் மூக்குக்கண்ணாடி, ஒன்றையும் விடவில்லை. வெள்ளைத் துணியை விரித்து டார்ச் அடித்தோம். ஒட்டும் காகிதம் நாலு மூலையிலும் வைத்தோம். இரண்டு பேரும் தவழ்ந்து போய் நடுவில் தலை மோதிக்கொண்டோம், அவர் என்னிடம் ஸாரி கேட்டார். நேரம்தான் போயிற்று, ஈ கிடைக்கவில்லை.

தங்கை இந்நேரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். ஒரு போன் போட்டு, "ஏய், ஆட்டை ஓட்டிக்கிட்டு எங்கயாவது போயிடு" என்று சொன்னால் முடிந்தது. கைப்போன் வெளியே லாக்கரில் இருந்தது. இருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. ஈ நிஜமாகவே போயிருந்தால், ஓட்டிப்போன ஊரெல்லாம் அல்லவா நோய் பரவும். அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும். அழுகை வந்தது, முகக்கவசத்துக்குள் அழுதால் துடைக்க வழியில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

நாலேகாலுக்கு ஒரு யோசனை தோன்றியது. சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு விளக்கடியில் உட்கார்ந்தேன். பசித்த ஈ தோலைத் தேடி வரும். டாக்டரும் ஒன்றும் கேட்காமல் சுருட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். ஈயை விரட்டித்தான் ஊரில் பழக்கம். நான் ஓர் ஈ வந்து கடிக்கட்டும் என்று கும்பிடாத தெய்வமில்லை.

உட்கார்ந்தே இருந்தோம். காற்று மோட்டார் ஒரே ஸ்தாயியில் முனகிக்கொண்டிருந்தது. டாக்டரால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒன்னு கேக்கலாமா மேடம்? எண்ண ஆரம்பிக்கும்போது என்னமோ சொன்னீங்களே, லாபம்னு. சாமியைக் கும்பிட்டுக்கிற மாதிரியா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கட்டைவிரலைப் பார்த்தேன்.

அட கடவுளே. அவர் அதற்கு அமுக்கவே இல்லை.

வாய் வரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கிவிட்டேன். சொன்னால் என்ன ஆகும்? பெரியவர் கேட்பார், டாக்டர், நீங்க அமுக்கினீங்களா இல்லையா? டாக்டர் நல்ல மனிதர், ஞாபகம் இல்லை என்பார். தங்கச்சி ஆட்டைக் காப்பாற்ற ஈக்காரம்மா கடைசி நேரத்தில் கதை கட்டுகிறாள் என்றுதான் படும். நான் பெரியவராக இருந்தாலும் எனக்கு அப்படித்தான் படும். எண்ணிப் பார்க்கப் புட்டியும் இல்லை, அது சுவருக்குள் வெந்துகொண்டிருந்தது. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை நீட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அறையிலேயே அதைவிடச் சின்ன அறை ஒன்று இருந்ததென்றால் அதுதான்.

"எல்லாம் பழக்கதோஷம் டாக்டர்" என்றேன். பிறகு எழுந்தேன். "பச்சை மூடி இன்னும் பாக்கி இருக்கு. தேடறதைத் தேடுவோம், இதையும் எண்ணி முடிச்சிடலாமா?"

"இப்பவா?"

"சும்மா உக்காந்தா பைத்தியம் புடிச்சிடும்."

பச்சை மூடியில் இருபது. நோய் இல்லாதவை. குளிர்பெட்டியில் வைத்தேன், தட்டில் கொட்டினேன், டாக்டர் கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பெரியவர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஈயை எடுத்தேன். "லாபம்" என்றேன். அடுத்து டிக். டிக். டிக். அவர் விரலைப் பார்க்கவே கூடாது என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஈயைப் போட்டுவிட்டு இடுக்கியைக் கீழே வைத்தேன்.

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம்," என்றார், "பத்தொம்பது. இதுலயும் ஒன்னு குறையுது."

இந்தத் தடவை புட்டி என் கையில் இருந்தது. அதைத் தட்டில் கவிழ்த்தேன். "நீங்களே எண்ணுங்க டாக்டர். வாய்விட்டு எண்ணுங்க."

ஒன்று, இரண்டு என்று எண்ணினார். இருபதில் நின்றார். திரும்பவும் எண்ணினார், திரும்பவும் இருபது. என்னைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். "லாபம்," என்றார் மெதுவாக, "லாபம்தான் ஒன்னா?"

பெரியவரிடம் அவரே போனில் சொன்னார். ஒன்றையும் மறைக்காமல், நான் அமுக்கவில்லை சார், அது எண் என்றே எனக்குத் தெரியாது சார் என்று சொன்னார். அந்த நிமிடம் அவர் என்னை மேடம் இல்லை, மகாராணி என்று கூப்பிட்டாலும் திரும்பியிருப்பேன். பெரியவர் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

"ஏம்மா, ஒன்னு குறைஞ்சதுக்குக் காரணம் கிடைச்சிருக்கு. ஈ வெளிய போகலங்கறதுக்கு ஆதாரம் கிடைக்கல. ரெண்டும் வேற வேற, உனக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"ஆட்டைக் கொல்ல நான் உத்தரவு போடல. சுத்தி ஈப்பொறி வைக்கச் சொல்றேன். பதினஞ்சு நாள் எல்லாப் பட்டியையும் கவனிப்போம். நோய் தெரிஞ்சா அப்புறம் என் கையில எதுவும் இல்ல. வெளிய யாருக்கும் மூச்சு விடக் கூடாது, உன் தங்கச்சிக்கும்தான்." போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். "அந்தப் பச்சை டப்பாவை நீ எதுக்கு எடுத்தேன்னு நான் கேக்கல."

பூட்டு விடுபட்டபோது மணி ஐந்து. குளித்து, உடுப்பு மாற்றி வெளியே வந்தேன். கால்கள் தானாகப் பட்டிப் பக்கம் நடந்தன.

நடக்கும்போதுதான் அது உறுத்தியது. சிவப்பு டப்பாவுக்கு லாபம் சொன்னபோது உரக்கத்தான் சொன்னேன், எப்போதும் சொல்வதுபோல. பச்சைக்குச் சொன்னபோது? கொஞ்சம் மெதுவாகச் சொன்னேனோ? சாமி கும்பிடுகிற மாதிரி, அவர் அமுக்காமல் இருக்க வேண்டும் என்று? சிவப்பில் அவர் அமுக்கியிருந்தால், குறைந்த ஈ எங்கே? என்ன முயன்றும் என் குரல் எனக்கு ஞாபகம் வரவில்லை. அறையில் கதவைப் பார்த்து ஒரு காமிரா உண்டு. அதில் சத்தம் பதிவாகாது.

தங்கை ஆடுகளைப் பட்டி வாசலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஏன்க்கா இவ்ளோ நேரம்? ஈயெல்லாம் ஸ்ட்ரைக்கா?" என்றாள்.

"வேலை அதிகம்."

"மூஞ்சியே சரியில்ல. யார்கிட்ட சண்டை போட்ட?"

"யார்கிட்டயும் இல்லடி. நீ ஆட்டைப் பாரு."

அவள் படலை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, நுழைகிற ஆட்டின் முதுகை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ண ஆரம்பித்தாள். "லாபம், ரெண்டு, மூணு..." ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என் கட்டைவிரல் லாபத்துக்கே மடங்கிவிட்டது. முப்பத்துநாலு வரை மடங்கியது.

கடைசியாக நுழைந்த மகாராணி நேரே கம்பி வேலிக்கு வந்து எனக்கு எதிரே நின்றது. சாயந்தர வெயிலில் அதன் காதைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஏதோ பறந்தது. பட்டி என்றால் பறக்கும், எந்தப் பட்டியிலும் பறக்கும். நான் குனிந்து, அது கம்பியை நக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்படி என்னக்கா பாக்கற அதை?"

நாக்கை நீட்டியது. சிவப்பாகத்தான் இருந்தது. இன்னும் பதினாலு நாள்.