விதைக்கு ஒரு மீன்

1

இந்தக் கதை என் சோற்றுத் தட்டில் கிடைத்தது. திராட்சைப் பெட்டி சுமந்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். குழம்பில் உள்ளங்கை நீளம்கூட இல்லாத ஜிலேபி மீன். வயிறு நிறையச் சினை. பார்க்கப் பிள்ளை, உள்ளே தாய். கையைக் கழுவிவிட்டு எழுத ஆரம்பித்தேன்.

2

'கம்பம் பள்ளத்தாக்கின் மேல் மேகங்கள்…' [அடித்துவிட்டேன். மேகத்துக்கு இங்கே வேலை இல்லை.]

'இருளம்மாள் ஒரு சோகமான…' [அவள் கேட்டால் என்னைக் கண்மாயில் முக்கிவிடுவாள்.]

இருளம்மாள் ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் புருஷன் சங்கிலியோடு வலை இழுப்பவள். மகளைப் போடியில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். போன விருந்தில் சம்பந்தி உமாதேவி ஒரு மீனை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது குழம்புக்கா, தொட்டியில விட்டு வளக்கவா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து இருளம்மாளுக்கு ஒரே ஆசை. முழங்கை நீள மீன் ஒன்றை உமாதேவியின் இலையில் போட்டு வாயை அடைக்க வேண்டும்.

3

அந்தக் கண்மாயில் பெரிய மீனைப் பிடிப்பார்கள், சின்னதை விட்டுவிடுவார்கள். புண்ணியம் என்று நினைப்பு. ஒருநாள் கரையில் மீன் பிரிக்கும்போது இருளம்மாள் கேட்டாள்.

"இந்தாருங்க, பாகல் கொடியில விதைக்கு எந்தக் காய விடுவீக?"

"நல்லா பெருத்த காயத்தேன்" என்றான் சங்கிலி.

"மீனுல மட்டும் பெருசத் தின்னுட்டு சொங்கிய விதைக்கு விடுறமே. பெறகு எப்படிப் பெருசாப் பெறக்கும்?"

சங்கிலி வலையைக் கீழே போட்டுவிட்டு, கூட வலை இழுக்கும் பையனைப் பார்த்துக் கத்தினான். "ஏலே ஈஸ்வரபாண்டி, கேட்டியா? இத்தன வருசமும் பொடிமீனுக்கு நாமதேன் கல்யாணம் பண்ணி வச்சிருக்கோம்!"

(தண்ணீர் வற்றினாலும், இரை குறைந்தாலும் மீன் சிறுக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகும். ஆனால் சிறுசிலேயே சினை பிடிக்கிற மீன்தான் வலைக்குத் தப்பிப் பிள்ளை பெறுகிறது. பிள்ளைக்கும் அதே வாகு.)

இருளம்மாள் சொல்லியே முடிவாயிற்று. இனி முழங்கை நீளத்துக்கு எது சிக்கினாலும் திரும்ப விட வேண்டும். நடுத்தரத்தை மட்டும் எடுக்கலாம். எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அந்த நீளத்தில் மீனைப் பார்த்தே நாளாகியிருந்தது. இல்லாததை விட்டுக்கொடுப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

4

சம்பந்தி விருந்துக்கு வருகிற காலையில் மீன் சிக்குகிறது. (அதே நாளில் சிக்க வைத்தது நான்தான். எழுதுகிறவனுக்கு இந்த ஒரு அதிகாரமாவது வேண்டாமா?) இருளம்மாள் முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். கையில் மீன், முழங்கையைத் தாண்டி வால் அடிக்கிறது.

"ஆத்தா, சட்டம் போட்டது நீதேன்!" என்று கரையிலிருந்து ஈஸ்வரபாண்டி கத்துகிறான்.

"பொத்துலே வாய! வாறது ஒஞ் சம்பந்தியா, எஞ் சம்பந்தியா?"

"அங்கன பாரு, பஸ்ஸ விட்டு எறங்கிட்டாக" என்கிறான் சங்கிலி.

5

முதலில் அவள் மீனை விட்டதாக எழுதினேன். பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்ததுபோல் இருந்தது. பிறகு குழம்பு வைத்ததாக எழுதினேன். உமாதேவி கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கே வாய் ஊறியது. ஆனால் அடுத்த வருஷம் வலையில்…

இரண்டையும் அடித்துவிட்டேன். கை அசந்துவிட்டது. நீங்களே சொல்லுங்கள். ஆற அமர யோசித்துச் சொல்லலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கிறது.