ஒற்றைக் கை நாற்காலி

முழங்கால் அறுவை சிகிச்சையின் காயம் ஆறிவிட்டது. நடக்க முடிந்தது. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதுதான் தையல்காரிக்கு மலையைப் புரட்டுவதாக இருந்தது. கணவர் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தால்தான் எழுந்தாள். அவர் பேருந்து ஓட்டப் போய்விட்டால் கட்டில் விளிம்பே கதி.

"கடையை விட்டுடும்மா," என்றாள் மகள் தொலைபேசியில். "ஒரு சட்டை தைக்கிறதுக்குள்ள எத்தனை தடவை எழுந்து உட்காருவ? அங்க யாரு தூக்கி விடுவா?"

மகள் சொல்லி, கடையைக் கேட்டு ஒருவர் வந்துபோயிருந்தார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அதுக்குள்ள நான் ஒரு நாற்காலி செய்றேன்," என்றார் கணவர்.

"போன தடவை செருப்பு அலமாரி செஞ்சீங்க. இன்னும் அது சுவர்ல சாஞ்சுக்கிட்டுதான் நிக்குது."

"வயசானா எல்லாரும் சாயத்தான் செய்வாங்க, டைலரம்மா. டேப்பைக் குடு."

அவளுடைய டேப்பாலேயே அவளை அளந்தார். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு, அங்கிருந்து இடுப்பு, ஊன்றிய உள்ளங்கை. பிறகு விடுப்பு நாளெல்லாம் சமையலறைக்குப் பின்னால் மரத்தூளில் கிடந்தார். எப்போதோ கழற்றிப்போட்ட பழைய கதவுதான் மரம். இழைப்புளி ஓட ஓட, அழுக்குப் பழுப்புக்கு அடியிலிருந்து தேன் நிறம் வெளிவந்தது. ஆணி அடிக்கவில்லை. ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் அதற்கேற்ற முளை. செருகித் தட்டினால் நடுவில் ஒரு நூல்கூட நுழையாது. அவள் நூலை வைத்தே பார்த்தாள். நுழையவில்லை. வாயைத் திறந்து பாராட்டவில்லை. தேநீரில் மட்டும் சர்க்கரை ஒரு கரண்டி கூடியது.

கைப்பிடிகளுக்குத்தான் அதிக உழைப்பு. இருக்கையைத் தாண்டி முன்னால் நீண்டு, நுனியில் உள்ளங்கை அடங்கும் அளவுக்கு உருண்டிருந்தன. அவள் உட்கார்ந்தாள். இரண்டு நுனிகளையும் ஊன்றினாள். எழுந்து நின்றாள். பழக்க தோஷத்தில் நீண்ட கணவரின் கைகள் அந்தரத்தில் நின்றன.

மறுநாள் நாற்காலி கடைக்குப் போனது. இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, நீளத் திரைச்சீலை ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். துணி இடப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும். இடது கைப்பிடியில் மோதிக் குவிந்து, தையல் பாம்பாய் நெளிந்தது. அவள் துணியை மடியில் போட்டுக்கொண்டு இடது கைப்பிடியையே பார்த்தாள்.

"சொல்லு," என்றார் கணவர்.

"இடது கையை எடுத்துடுங்க."

"அந்த வளைவுக்கு நான் பட்ட பாடு தெரியுமா?"

"தெரியும், பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். ஆனா தைச்சதைப் பிரிக்கத் தயங்கினா தொழில் நடக்காதுங்க."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். கைப்பிடியை அறுத்து எடுத்தார். இப்போது வலது கையை மட்டும் ஊன்றியதும் நாற்காலி அந்தப் பக்கமே சாய்ந்தது. அவர் பாய்ந்து பிடித்தார்.

"செருப்பு அலமாரிக்குத் தங்கச்சி பொறந்துட்டா," என்றாள் அவள், அவர் தோளைப் பிடித்தபடி. சிரித்தாலும் குரல் இறங்கியிருந்தது. மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

அவர் மல்லுக்கு நிற்கவில்லை. வலப்பக்கக் கால்கள் இரண்டையும் கழற்றி, புதிதாய்ச் செதுக்கி, வெளிப்பக்கம் அகட்டிப் பொருத்தினார். பார்க்க விசித்திரமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் காலை அகட்டி நிற்கும் பயில்வான். ஆனால் வலது கையை ஊன்றி எழுந்தபோது அசையவில்லை. மறுபடி உட்கார்ந்த தையல்காரிக்கு அதில் மாற்றச் சொல்ல ஒன்றும் தென்படவில்லை. திரைச்சீலை இடப்பக்கம் தண்ணீராய் வழிந்து இறங்கியது. தையல் நேர்கோட்டில் ஓடியது. இந்த நாற்காலியை உலகத்தில் வேறு யாருக்கும் விற்க முடியாது என்று நினைத்தாள். அவள் தைத்த மிக நல்ல சட்டைகளும் அப்படித்தான், ஒரே ஒரு உடம்புக்கு மட்டும் பொருந்தும்.

"நல்லா செஞ்சிருக்கீங்க," என்றாள். அவர் காது கேளாதவர்போல் உளியைத் துடைத்தார்.

மாதக் கடைசியன்று மகள் அழைத்தபோது கடையில் ஓர் அம்மாள் சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். தையல்காரி வலது கையை ஊன்றி எழுந்து, கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"அம்மா, கடையைக் கேட்டவருக்கு என்ன சொல்ல?"

"வேற இடம் பார்க்கச் சொல்லு. அப்புறம் கூப்பிடுறேன்டி, அளவு எடுத்துக்கிட்டு இருக்கேன்."